மூன்றாம் கேள்வி

அத்தியாயம் 9

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து நல்லேப்பிள்ளி போகிற பஸ்ஸில் செல்வப்பிரியாவை உட்காரவைத்துவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அதே ஜன்னலோர சீட்டில் இருக்கிறாள். மடியில் பழுப்பு உறை, உறைக்குள் முப்பத்தோரு படிவங்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது அவளைப் பெற்ற கமலாத்தாள் தன் கைப்பட நிரப்பிக் கொடுத்தது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. செல்வப்பிரியா திருச்சூருக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. மாணவி. விவசாயக் குடும்பத்துப் பெண்களின் தூக்கம், உடம்பு வலி, மனநலம், இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. கேள்விப் படிவம் ஒன்று, மணிக்கட்டில் கட்டுகிற பட்டை ஒன்று. பட்டை நடந்த அடிகளை எண்ணும், நாடித் துடிப்பை அளக்கும், தூக்கத்தைக் குறித்துக்கொள்ளும். மணி மட்டும் காட்டாது. அதனாலேயே ஊர்ப் பெண்கள் அதற்கு 'மணி காட்டாத வாட்ச்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பட்டையும் படிவமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் தன்னிடமே சோதித்துப் பார்த்தாள். ஒன்றாம் நம்பர் பட்டை அவள் கையில், இரண்டாம் நம்பர் ஹாஸ்டலில் அறையைப் பங்குபோடும் ரஜீனாவின் கையில். பிறகுதான் ஊருக்குக் கொண்டுவந்தாள். கடைசி நேரத்தில் இரண்டு பெண்கள் பின்வாங்கியபோது, வேறு வழியில்லாமல் பதினேழாம் நம்பரை அம்மாவுக்கும் பதினெட்டை அண்ணன் மனைவி ஆனந்திக்கும் கட்டிவிட்டாள். வீட்டு ஆட்களைச் சேர்க்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் அரிச்சுவடி. கைடுக்குத் தெரிந்தால் காதைத் திருகுவார்.

இப்போது அந்தப் படிவம்தான் அவளை ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

மூன்றாம் கேள்வி: 'கடந்த இரண்டு வாரங்களில் வீட்டில் இருக்கும்போது விஷமம் உண்டானதா?'

கமலாத்தாளின் கோணல் எழுத்தில் பதில்: 'தினமும்.'

'எந்த நேரத்தில் அதிகம்?' என்பதற்கு, 'மதியம் ரெண்டு மணி.'

'யாரிடமாவது சொன்னதுண்டா?' என்பதற்கு, 'சொன்னா நம்ப மாட்டாங்க.'

அம்மாவின் மனசில் இவ்வளவு துயரமா என்று செல்வப்பிரியா நேற்று முழுக்க அழுதாள். போதாக்குறைக்கு அண்ணன் தனபாலின் ஃபோன் வேறு. "ஆனந்திய அவங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போறாரு அம்மிணி. அம்மா சொல்லிப்போட்டாங்க. நாளைக்கு மதியம் வாராரு."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள். தனபால் ஃபோனை வைத்துவிட்டான். அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் பெட்டியோடு போனால் ஆனந்தி திரும்பி வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

பஸ் நின்றது. இறங்கியபோது செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட்டது. நேற்றும் யாரோ அவள் செருப்பை ஹாஸ்டல் அறையின் தண்ணீர் வாளிக்குள் போட்டிருந்தார்கள். இந்த மாதத்தில் ஐந்தாவது தடவை. அறையில் இருப்பதே இரண்டு பேர். வேறு யார் செய்வார்கள்? இன்று காலையில் ரஜீனாவை நன்றாகத் திட்டிவிட்டுத்தான் கிளம்பினாள். ரஜீனா வாயே திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்கழிக் காற்று கணவாய் வழியாக வந்து வரப்புப் பனைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. காய்ந்த ஓலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

வாசல் கதவோரத்தில் ஒரு நீலப் பையும், கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியும் இருந்தன. ஆனந்தியுடையவை. உள்ளே சமையல்கட்டில் அவள்தான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள், தன்னை அழைத்துப்போக வருகிறவருக்கான விருந்து.

"வா பிரியா," என்றாள். கண்ணுக்குக் கீழே மை தீட்டியதுபோல் கறுப்பு. "மோர் தரவா?"

"வேண்டா நங்கை. அம்மா எங்க?" அண்ணியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"பின்னாடி இருக்காக."

கமலாத்தாள் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஏங்கண்ணு, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே? எளைச்சுப்போட்டியே."

"அம்மா, சித்த உக்காரு." உறையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "இதுல மூணாவது கேள்விக்கு நீ எழுதுனது நெசமா?"

கமலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நெசந்தான். உனக்காச்சும் கேக்கோணும்னு தோணுச்சே."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

"எப்படிம்மா இருக்கும்? நெஞ்சடைக்குமா? அழுகை வருமா?"

"எனக்கெதுக்கு அழுகை வருது? புடிச்சு நாலு சாத்துச் சாத்தோணும்னு ஆத்தரந்தான் வருது."

கோபமும் மனச்சோர்வின் ஓர் அடையாளம்தான் என்று செல்வப்பிரியாவின் படிப்பு அவளுக்கு எடுத்துச் சொன்னது.

"யாரைம்மா சாத்தோணும்?"

"விஷமம் பண்றவளைத்தான்!"

செல்வப்பிரியா விழித்தாள்.

"செவ்வாக்கெழமை பால்ல உப்பு," என்று கமலாத்தாள் விரல் மடக்கினாள். "பொதங்கெழமை உங்கப்பாவோட துண்டு. பொட்டிக்குள்ள மடிச்சு வெச்சது, இந்தக் கல்லு மேல நனைஞ்சு கெடக்குது. வெயாளக்கெழமை மறுபடியும் உப்பு. அடுப்படிக்குள்ள போனா கேஸ் நாத்தம். எல்லாம் மதியம் ரெண்டு மணிக்குத்தான். ஊட்டுல எல்லாரும் ஒறங்கற நேரத்துல."

செல்வப்பிரியா மூன்றாம் கேள்வியை மறுபடி படித்தாள். அந்தக் கேள்வியை மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாற்றியது வேறு யாருமில்லை, செல்வப்பிரியாவேதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து மலையாள மீடியத்தில் படித்தவளுக்கு விஷமம் என்றால் மனவருத்தம். அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டாள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷமாகியும் மலையாளம் நாக்கில் ஒட்டாத கமலாத்தாளுக்கு விஷமம் என்றால் விஷமம்தான். குறும்பு, சேட்டை, வேண்டுமென்றே செய்கிற வேலை. வீட்டில் விஷமம் நடக்கிறதா என்று மகளே அச்சடித்துக் கேட்டிருக்கிறாள். அம்மாவும் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள்.

முப்பத்தோரு பேரில் பத்தொன்பது பேர் 'ஆமாம்' என்று எழுதியிருந்தார்கள். அதில் எத்தனை பேர் வருத்தத்தைச் சொன்னார்கள், எத்தனை பேர் இதைச் சொன்னார்கள்? மூன்று வருஷப் படிப்பு கண் முன்னால் ஆட்டம் கண்டது. ஆனால் அப்போது அவளுக்கு அந்தக் கவலைகூடப் பெரிதாகப் படவில்லை.

"நங்கைதான் பண்ணுதுன்னு நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கோணுமா? தேவிகுளத்து மலையில இருந்து அவகூட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்குது. இல்லீன்னா அவளேதான் பண்றா. ரெண்டுல எதா இருந்தாலும் அவ போகோணும். உங்கப்பா துண்டு மேல கை வெச்சா நான் பொறுக்க மாட்டேன்."

அப்பா மாரப்பன் இறந்து ஒன்றரை வருஷமாகிறது. காலையில் வயலுக்குப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது பனை மரத்தடியில் சாய்ந்தபடியே முடிந்திருந்தது. அன்றைக்கு ஊரே அழுதது, கமலாத்தாள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தாள்.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. ஆனந்தியின் அண்ணன் மொக்கையன் வந்துவிட்டார். விடியற்காலையில் தேவிகுளத்திலிருந்து கிளம்பி, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் செக்போஸ்ட் என்று ஒரே மூச்சாக ஓட்டி வந்திருந்தார்.

"வாங்க மச்சான், கை கழுவுங்க. சாப்பிடலாம்," என்றான் தனபால், நிமிர்ந்து பார்க்காமலே.

"சாப்பிட வரல மாப்ள." மொக்கையன் நீலப் பையைப் பார்த்தார். "தங்கச்சி சமைச்சதுங்கறதால ஒரு வாய் உக்காருறேன். மூணு மணிக்குக் கெளம்பிரணும். யானை எறங்குறதுக்குள்ள மறையூர் தாண்டணும்ல."

செல்வப்பிரியா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். செல்ஃபோனை எடுத்துக்கொண்டு பனை வரப்புக்கு நடந்தாள்.

பட்டைகள் சேகரிப்பதெல்லாம் தனபாலின் ஃபோன் வழியாக ரஜீனாவின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. புள்ளிவிவரத்தில் ரஜீனாதான் புலி. பாலக்காட்டுக் கடைவீதியில் துணி வியாபாரம் பண்ணுகிற நூர்தீனின் மகள் அவள், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

"ரஜீ, காலையில திட்டுனதுக்கு சாரி. ஒரு உதவி. பதினெட்டாம் நம்பர், தினமும் மதியம் ரெண்டு மணிக்கு என்ன பண்ணுதுன்னு பாத்துச் சொல்லு."

"அது உன்ற நங்கையில்லெ?"

"ஆமா."

"ஆருக்கும் காட்டமாட்டோம்னு கையெழுத்து வாங்கிட்டல்லே கட்டினோம்? இது சரியில்லெ பிரியா, கேட்டோ."

"சரியில்லைதான். மூணு மணிக்கு அவங்களைப் பொட்டியோட ஜீப்புல ஏத்திருவாங்க. அவங்கதான் பண்றாங்கன்னா நான் வாயை மூடிக்கறேன். இல்லீன்னா நான் பேசியாகோணும்."

"பாத்தே ஆகணும்னு தீர்மானிச்சுட்டியா? பாத்தப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

"பாரு ரஜீ."

தட்டச்சுச் சத்தம்.

"பதினெட்டு. ரெண்டு மணிக்கு ஒரு அடிகூட இல்லெ. கட்டில்ல கிடக்குது. பக்ஷே உறக்கமில்லெ. நாடி நூத்திப் பதினாறு."

"படுத்திட்டிருக்கறப்பவா?"

"அசையாமெ கிடக்குது, நாடி மட்டும் ஓடுது. ஏழு நாளும் அப்படியேதான். ரெண்டு நாப்பத்திமூணுக்கு எழுந்து முப்பத்திரெண்டு அடி. திரும்பப் போய்க் கிடக்குது."

முப்பத்திரண்டு அடி. செல்வப்பிரியாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பதினேழைக் கேக்கலியே நீ?" என்றாள் ரஜீனா.

"அது அம்மாவோடது. அம்மா அந்த நேரம் தூங்கிட்டிருப்பாங்க."

"கேளு பிரியா."

பனையோலைகள் தலைக்கு மேலே உரசின. "சரி, சொல்லு."

"ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு நாப்பது வரைக்கும் எழுநூறு, எண்ணூறு அடி. தினமும். நாடி அம்பத்தாறு. அது உறங்கறவங்களுக்குண்டான நாடி."

செல்வப்பிரியா திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

"தொட்டு எழுப்பிறாதே," என்றாள் ரஜீனா. "பேர் சொல்லியும் கூப்பிடாதே. கொஞ்சம் தள்ளி நின்னு பாத்துட்டிரு. தானே போய்ப் படுத்துக்கும்."

"உனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?"

"படிச்சிருக்கேன்," என்றாள் ரஜீனா, சற்றுத் தாமதமாக.

சாப்பாடு பேச்சில்லாமல் முடிந்தது. மொக்கையனும் தனபாலும் முன் அறையில் பாயை விரித்துச் சாய்ந்தார்கள். ஆனந்தி தன் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்து வைத்தாள். கமலாத்தாள் நடு அறையில் தலைக்குக் கை வைத்துப் படுத்தவள் இரண்டு நிமிஷத்தில் குறட்டை விட்டாள். செல்வப்பிரியா நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சமையல்கட்டும் கொல்லைக் கதவும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை.

இரண்டு மணி அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குறட்டை நின்றது. கமலாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள்.

எழுந்த விதமே சரியில்லை. தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முருகா என்று முனகி எழுகிறவள், பத்து வருஷம் இளையவளாகச் சட்டென்று எழுந்தாள். கண்கள் திறந்திருந்தன. செல்வப்பிரியாவை நேராகப் பார்த்தன. பார்த்துவிட்டுச் சுவரைப் பார்ப்பதுபோல் அப்படியே கடந்து போயின. பெற்ற தாயைப் பார்த்து உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது செல்வப்பிரியாவுக்கு.

கமலாத்தாள் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்தாள். கொல்லைக்குப் போனாள். தொட்டித் தண்ணீரில் அதை முக்கிப் பிழிந்து கல்லின் மேல் விரித்துவைத்தாள். திரும்பி வந்து சமையல்கட்டில் உப்பு ஜாடியைத் திறந்து, மூன்று விரலால் அள்ளிப் பால் பாத்திரத்தில் போட்டு, ஒரு விரலால் கலக்கினாள். எதிலும் தடுமாற்றமில்லை. பழகிய கை.

பிறகு கொல்லை வாசலில் போய் நின்றாள். எதிரே பனை வரிசை, அதற்கு நடுவே வயல் வரப்பு. நிலைக்கும் தொட்டிக்குமாகப் போவதும் வருவதும், நின்று கையால் வெயிலை மறைத்துப் பார்ப்பதும், மறுபடி நடப்பதுமாக அரை மணி நேரம். செல்வப்பிரியா அடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் காணமே," என்றாள் கமலாத்தாள். குரல் தெளிவாக இருந்தது. "சோறு ஆறிப்போச்சுங்க. குழம்பைச் சூடு பண்ணட்டுங்களா?"

யாருக்கும் 'ங்க' போடாத அம்மா. ஊரிலேயே ஒருவருக்கு மட்டும் 'ங்க' போட்டுப் பேசிய அம்மா.

அவள் உள்ளே வந்து கேஸ் அடுப்பின் திருகைத் திறந்தாள். பற்றவைக்கவில்லை. எரியாத அடுப்பின் மேல் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தாள். திருப்தியானவள்போல் தலையசைத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். மறுபடி குறட்டை.

அடுப்பு உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. செல்வப்பிரியா மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள்.

அப்போது ஆனந்தியின் கதவு திறந்தது. வெறுங்காலோடு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சரியாகப் பதினாறாவது அடியில் அடுப்புத் திருகின் மேல் அவள் கை இருந்தது. மூடினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். பதினாறு போக, பதினாறு வர. அந்தக் கணக்கு இப்போது புரிந்தது.

திரும்பியவள் மூட்டைக்குப் பின்னால் செல்வப்பிரியாவைப் பார்த்துவிட்டாள்.

"பாத்துட்டியா?" என்று கிசுகிசுத்தாள்.

"எத்தனை நாளா நங்கை?"

"ஆடி மாசத்துல இருந்து. மொதல்ல எப்பயாவது. இப்பத்தேன் தெனமும்."

"முன்னாடியே தடுக்கக் கூடாதா?"

"ஒருநாள் எதுத்தாப்புல போனேன். எம் மொகத்தப் பாத்து, 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டாக." ஆனந்தி கையைக் கட்டிக்கொண்டாள். "அன்னைக்கிருந்து அவுக படுத்தப்புறந்தேன் வர்றது. அதுவரைக்கும் நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

"பழியெல்லாம் உங்க மேல விழுந்துச்சே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்ல? எங்க அம்மாவும் இப்பிடித்தேன் நடந்துச்சு பிரியா. எஸ்டேட் லைன் வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்க, கால்ல கயிறு போட்டுக் கட்டி வச்சாக. சாகுற வரைக்கும் அவுக்கல. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாந்தேன் சோறு ஊட்டுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த வீட்டுலயும் ஒரு கயிறப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அதுக்கு நானே கெட்டவளா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். இப்ப நாம்போயிட்டா யாரு அடுப்ப மூடுவா? அத நெனச்சாத்தேன் கெதக்குன்னு இருக்கு."

செல்வப்பிரியா அவளைக் கட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் தான் ஒருத்திதான் படித்தவள் என்று இத்தனை நாள் இறுமாந்திருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

எல்லாம் விளங்கியது. அப்பா இருந்தபோது இரண்டு மணி என்றால் அந்த வீட்டில் இதேதான் நடக்கும். சேற்றுக்காலோடு கொல்லை வழியாக வருவார். முகம் துடைக்க ஈரத்துண்டு கல்லின் மேல் தயாராக இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியதும் அதைத் தண்ணீர் வாளியில் போட்டுச் சேறு போகக் கழுவுவது பள்ளிக்கூட நாட்களில் செல்வப்பிரியாவின் வேலை. அதற்குள் அம்மா மோரில் உப்புப் போட்டுக் கலக்கி நீட்டுவாள், குழம்பைச் சூடு பண்ணுவாள். கமலாத்தாள் விஷமம் செய்யவில்லை, புருஷனுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் படித்தாலும் தமிழில் படித்தாலும் மூன்றாம் கேள்விக்கு அவள் எழுதிய பதில் சரிதான்.

மூன்று மணிக்கு மொக்கையன் நீலப் பையைக் கையில் எடுத்தார். அதே நேரம் சமையல்கட்டிலிருந்து கமலாத்தாளின் கூச்சல்.

"பாத்தியாடா! போற அன்னிக்கும் உடறாளான்னு பாரு! பாலெல்லாம் உப்பு! துண்டு கல்லு மேல கெடக்குது!"

தனபால் தலையைக் குனிந்துகொண்டான். ஆனந்தி அட்டைப்பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.

"நங்கை, அதைக் கீழ வைங்க," என்றாள் செல்வப்பிரியா. அம்மாவிடம் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பட்டைக்குக் கீழே நாடி துடித்தது. "அம்மா, இது நங்கை பண்ணலை. நீதான் பண்றே."

"என்ன சொன்னே?"

"தூக்கத்துல எந்திரிச்சு நடக்கறேம்மா. இந்த வாட்ச்சுல எல்லாம் இருக்குது. இன்னிக்கு நானே பாத்தேன்."

"மணியே காட்டாத வாட்ச்சு, அது என்னத்தைக் காட்டுது?" கமலாத்தாள் கையை உதறினாள். "நான் பண்றனாமா? எதுக்குப் பண்றேன்?"

"அப்பாவுக்குச் சோறு வெக்கறே. தெனமும் ரெண்டு மணிக்கு. நங்கைதான் உனக்குப் பின்னாடி வந்து கேஸை மூடுது. இல்லீன்னா இந்த ஊடு என்னிக்கோ எரிஞ்சிருக்கும்."

கமலாத்தாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மெல்ல ஒரு விரலை எடுத்து நாக்கில் வைத்தாள். நகக்கண்ணில் இருந்த உப்பு கரித்தது.

அவள் முகம் மாறியதைச் செல்வப்பிரியா வாழ்நாளில் மறக்கமாட்டாள். திட்டுவாள், மறுப்பாள், மார்பில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். கமலாத்தாள் அதெல்லாம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வந்தாரா கண்ணு?"

ஆனந்திதான் பதில் சொன்னாள்.

"வரல அத்த."

கமலாத்தாள் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். ஒன்றரை வருஷத்து அழுகை வந்தது. வாய்விட்டு, குழந்தைபோல் ஏங்கி ஏங்கி அழுதாள். தனபாலும் அழுதான். மொக்கையன் பையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"என்னைக் கட்டிப் போட்டுருவீங்களா?" என்றாள் கமலாத்தாள் கொஞ்சம் பொறுத்து, யாரையும் பார்க்காமல்.

"கட்டுறதா?" ஆனந்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம் அத்த. வந்து, மதியம் ரெண்டு பேரும் ஒண்ணாப் படுப்போம். நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கேன்." பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, நீ கெளம்பு! யானை எறங்கிரும்ல!"

ஜீப் போனது. நீலப் பை உள்ளே போனது.

நாலரை மணிக்குச் செல்வப்பிரியா கொல்லைப் படியில் உட்கார்ந்து படிவங்களைப் பரப்பினாள். பத்தொன்பது வீட்டுக்கும் மறுபடி போக வேண்டும், வேறு சொல்லில் கேட்க வேண்டும். கைடிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்க வேண்டும். இருந்தாலும் மனசு லேசாக இருந்தது. ரஜீனாவைக் கூப்பிட்டாள்.

"ரஜீ! நங்கை போகலை. நீதான் காப்பாத்துனே!"

"நல்லது," என்றாள் ரஜீனா. குரலில் சந்தோஷமில்லை. "பிரியா, நீ ஒண்ணாம் நம்பரைக் கேக்கவேயில்லெ."

"ஒண்ணாம் நம்பர் நான்தானே? சோதிச்சுப் பாக்கத்தானே கட்டுனேன்."

"ஆமா. மதியம் ரெண்டு மணிக்கு முன்னூறு அடி. நாடி அம்பத்திநாலு."

"இருக்காதே. நான் அந்த நேரம் தூங்கிட்டிருப்பேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது.

"ரெண்டாம் நம்பர் என்னோடது," என்றாள் ரஜீனா. "அதையும் சொல்றேன். ஒரு அடிகூட இல்லெ. நாடி நூத்திப் பத்து."

காற்று நின்றிருந்தது. பனைகள் அசையாமல் நின்றன. படியின் கீழே செல்வப்பிரியாவின் செருப்புகள் இன்னும் காயாமல் கிடந்தன.

"வாளியில போட்டு அதை நல்லாத் தேய்ச்சுக் கழுவுவே," என்று ரஜீனா மெதுவாகத் தொடர்ந்தாள். "திட்டினப்போ நான் ஒண்ணும் பறயலெ. எப்படிப் பறயறதுன்னு தெரியலெ. கழுவி முடிச்சதும் கதவுப் பக்கம் திரும்பி நின்னு ஒரு கேள்வி கேப்பே. ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. என்னன்னு சொல்லட்டுமா?"

செல்வப்பிரியா உறைக்கு அடியில் கை விட்டு, எல்லாவற்றுக்கும் முதலில் தான் நிரப்பிய படிவத்தை வெளியே எடுத்தாள். மூன்றாம் கேள்விக்கு நேராக அவளுடைய அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. பேனாவைத் திறந்து அதை ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"சொல்லு," என்றாள்.